சத்தம் தேடியவர்

அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்து நான் கேட்டதே இல்லை. ஆவி எழும்பி எடை ஆட ஆரம்பிக்கும் நேரம் பார்த்து ஆன்ட்டி அடுப்பை அணைத்துவிடுவார். பருப்பு எப்படி வேகும் என்று கேட்டால், "வேகும்மா, அதுக்கென்ன, மெதுவா வேகட்டும்" என்பார்.

சாந்தோமில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அவர்கள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர். எங்கள் வீடு சந்தைக்கடை. என் மாமியாருக்குக் காது மந்தம், டிவி அலறிக்கொண்டே இருக்கும். எனக்கும் தொண்டை கொஞ்சம் பெரிசு. எதிர்க்கதவைத் திறந்து உள்ளே போனால் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிப்போன கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பேச வந்த விஷயம்கூட வாய்க்குள்ளேயே சின்னதாகிவிடும்.

அந்த அமைதிக்குச் சொந்தக்காரர் அங்கிள். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். லைனில் எங்கே கோளாறு என்று ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டே சொல்லிவிடுவாராம். ஓய்வுக்குப் பிறகு அந்தக் காதை ஃபேன்களுக்குக் கொடுத்துவிட்டார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புகிற பழைய டேபிள் ஃபேன்கள். மயிலாப்பூரில் யாராவது வீட்டை இடிக்கிறார்கள் என்றால் முதலில் இவருக்குத்தான் தகவல் வரும். ராயப்பேட்டை பழைய சாமான் கடைகளில் இவருக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். முன்னறையில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் சுவரோரமாக ஃபேன்கள் வரிசையாக நின்றன. இரும்பு அடித்தளம், பித்தளை இறக்கை, ஒரு கை முழுசாக உள்ளே போய்விடும் அளவுக்கு இடைவெளி விட்ட கூண்டு. பூனைகூட அந்த அறைக்குள் யோசித்துத்தான் நுழையும்.

ஃபேன் தலையைத் திருப்ப இன்னொரு மோட்டார் இருக்கிறது என்று நான் ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அறியாமையைப் போல அவருக்குப் பிடித்த விருந்தாளி கிடையாது.

"இன்னொண்ணு எதுக்குமா? பின்னால டப்பா மாதிரி இருக்குல்ல, அதுக்குள்ளதான் எல்லாம். ஓடுற வேகத்துல கொஞ்சூண்டு திருடிக்கும். ஒரு பல்சக்கரம், அதுல இருந்து இன்னொண்ணு, வேகம் கொறஞ்சுக்கிட்டே போயி கடைசியில ஒரு வட்டு மெதுவா சுத்தும். அந்த வட்டுல ஒரு கம்பி. கம்பியோட மறுமுனை கழுத்துல. அவ்வளவுதான், தலை ஆட ஆரம்பிச்சிரும்."

"நடுவுல வேகமாப் போவுது, ஓரத்துல போனா நின்னு யோசிக்குதே, அது ஏன்?"

"யோசிக்கல. திரும்புறதுக்கு முன்னால அந்தக் கம்பி நேரா நிமிரும், அப்போ தலை நகராது. அதனால ஓரத்துல உக்காந்தவனுக்குத்தான் காத்து அதிகம். நடுவுல உக்காந்தவன் ஏமாளி."

கட்டிலில் ஆன்ட்டி படுக்கும் பக்கம் எது என்று பார்த்து, ஃபேனின் இடது ஓரம் சரியாக அங்கே வந்து நிற்கும்படி அவர் அடித்தளத்தைத் திருப்பி வைத்திருந்தார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, ஆன்ட்டிதான் சொன்னார். சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்த முகம் குறுக்கே வந்து நின்றுகொள்ளும்.

ஃபேனை அவர் கேட்கும் விதம் இப்படி. ஓடவிட்டுவிட்டு, மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பின்பக்க டப்பாவில் வைப்பார். பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் ஊன்றிக்கொள்வார். மறுகாதை விரலால் அடைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அதற்கு முன்னால் ஒரு தடவை கையை உயர்த்துவார், போக்குவரத்துக் காவலர் வண்டிகளை நிறுத்துகிற மாதிரி. அந்தக் கை உயர்ந்தால் வீடு நிற்க வேண்டும். குழாய் மூடும். கரண்டி நிற்கும். ஆன்ட்டி தன் கண்ணாடி வளையல்களை மணிக்கட்டில் இருந்து முழங்கைப் பக்கம் தள்ளி ஏற்றிக்கொள்வார். சதையில் இறுகி நின்றுவிட்டால் அவை கிணுங்காது. கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்வது போல அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அவர் கையை உயர்த்தாத நேரத்தில்கூட, முன்னறையில் ஃபேன் ஓடினால் இவர் கை தானாக வளையலை ஏற்றும்.

"சத்தம் போடுதுன்னா எங்கேயோ ஒண்ணு தேயுதுன்னு அர்த்தம்" என்பார் அங்கிள். ஃபேனுக்கு மட்டும் சொன்ன வார்த்தை இல்லை அது. எங்கள் மிக்ஸிக்கும் சொன்னார், படிக்கட்டுக் கதவுக்கும் சொன்னார், என் மாமியாரின் குறட்டைக்கும் சொன்னார். ஒரு நாள் மிக்ஸியை வாங்கிப்போய், திருப்பிக் கொடுத்தபோது அது சட்னி அரைக்கிறதா ஜெபம் செய்கிறதா என்று தெரியாத அளவுக்கு அடங்கிப்போயிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசினாகிப்போன ஃபேன்களைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கெட்ட வார்த்தை வரும். "தன் தலைக்கு ஊத்துறத ஃபேன் தலைக்கும் ஊத்திக் கொன்னிருக்கான் பாரு."

நொச்சிக்குப்பத்தில் இருந்து கூடையோடு ஒரு மீன்காரம்மா வருவார். எங்கள் வாசலில் நின்று அவர் கூவினால் பட்டினப்பாக்கம் வரைக்கும் கேட்கும். அங்கிள் ஒரு நாள் கீழே இறங்கிப்போய், கொஞ்சம் மெதுவாகக் கூவக் கூடாதா என்று கேட்டுவிட்டார்.

"இன்னா நைனா நீ? மீன் வித்துக்கினு கீறேனா, ரகசியம் சொல்லிக்கினு கீறேனா? காதுல வந்து சொல்லட்டுமா, வஞ்சிரம் கீதுன்னு?"

மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் உடம்பு முழுக்கக் குலுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. அப்போது எனக்கு முதல்முறையாகப் பகீரென்றது. ஒரு மனுஷிக்குச் சிரிப்பைக்கூட விழுங்கத் தெரிந்திருக்கிறதே என்று இருந்தது.

ஏனென்றால் அதே ஆன்ட்டி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடுவதை நான் கேட்டிருக்கிறேன். பங்குக் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை. ஒரு முறை என்னையும் கூட்டிப்போனார். பீடத்தைப் பார்த்து வாயைத் திறந்தார் பாருங்கள், அந்தக் குரலைக் கேட்டு நான் பக்கத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததை அங்கே கொண்டுபோய்க் கொட்டினாரோ என்னவோ. அங்கிள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை மட்டும் அவர் சத்தம் என்று சொன்னதே இல்லை. ஆனால் வீட்டில் பாடுங்கள் என்றும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஃபேன் ஒன்று முழுசாகத் தயாராகிவிட்டால் கடைசிப் பரீட்சை ஆன்ட்டியுடையது. ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார வேண்டும். அங்கிள் எப்போது சுவிட்சைப் போடுகிறார் என்று தெரியாது. காற்று முகத்தில் படும்வரை ஃபேன் ஓடுவதே தெரியக் கூடாது, அதுதான் தேர்ச்சி. "வந்து உக்காரு, ஆயிடுச்சு" என்று அவர் கூப்பிடும் குரலில் ஒரு சின்னப் பையனின் அவசரம் இருக்கும். எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அந்த வீட்டில் இருந்து வெளியே கேட்ட ஒரே சத்தம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆன்ட்டியின் இதயம் பலவீனம் என்று தெரியவந்த பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நெஞ்சில் லேசாகப் பிடித்தாலும் உடனே ஆள் வர வேண்டும், மாத்திரையை நாக்கின் அடியில் வைக்க வேண்டும், வண்டியைக் கூப்பிட வேண்டும். தாமதித்தால் பிழைப்பது கஷ்டம். கூப்பிட மூச்சுகூட இருக்காது, அதனால் ஒரு மணி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். பெங்களூரில் இருந்து மகள் ஓடிவந்து, தன் கண்முன்னே மணியை மாட்டவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். சமையலறையில் ஒரு பொத்தான், கட்டில் பக்கம் ஒரு பொத்தான். தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாலும் கைக்கு எட்ட வேண்டும் என்று அங்கிள் சமையலறைப் பொத்தானைத் தாழ்வாக வைத்தார். அந்த யோசனை வேறு யாருக்கும் வந்திருக்காது. மணி முன்னறையில், அவர் வேலை செய்யும் மேசைக்குப் பின்னால் சுவரில்.

முதல் தடவை அழுத்தியபோது மொத்தக் குடியிருப்பும் வெளியே வந்துவிட்டது. பள்ளிக்கூட மணி தோற்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தச் சத்தத்துக்கு நான் தூக்கத்தில்கூட ஓடிவருவேன் என்றேன்.

மகள் ஊருக்குப் போனதும் அவர் மணியைக் கழற்றினார். நான் போனபோது வெண்கலக் கிண்ணம் மேசைமேல் தனியாகக் கிடந்தது. பழைய ஃபேன்களின் அடியில் மேசை கீறாமல் இருக்கப் பச்சை ஃபெல்ட் துணி ஒட்டியிருப்பார்கள். அதில் ஒரு துண்டை வெட்டி, கிண்ணம் இருந்த இடத்தில், மணியின் சுத்தியல் அதன் மேல் வந்து அடிக்கும்படி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் அங்கிள், நல்லாத்தானே இருந்துச்சு?"

"அவ நெஞ்சுக்கு ஆகாதும்மா அந்தச் சத்தம். அழுத்துற கையோடயே தூக்கிப்போடும். இப்பக் கேளு."

ஆன்ட்டி உள்ளே போய் அழுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைக் கூர்மையாக்கினால் கர்ர் என்று ஏதோ, சுவருக்குள் வண்டு இருப்பது போல.

"எனக்குக் கேக்கலையே அங்கிள்."

"உனக்கு எதுக்குக் கேக்கணும்? எனக்குக் கேட்டாப் போதாதா?"

ஆன்ட்டி சமையலறை வாசலில் வந்து நின்று, "அவருக்குக் கேக்கும்மா, ஊசி விழுந்தாலே கேக்கும்" என்றார். கணவருக்காகப் பேசுகிற மனைவியிடம் மேற்கொண்டு என்ன வாதாடுவது? அவருடைய காதைப் பற்றி எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அந்தக் காதை நம்பித்தான் வாழ்ந்தோம், பக்கத்து வீட்டுக்காரியான நானும் சேர்த்து.

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலத்தில் ஒரு கறுப்பு ஃபேன் வந்தது. அவரிடம் வந்ததிலேயே அழகானது, சண்டித்தனமும் அதற்குத்தான் அதிகம். எல்லாம் சரியாக ஓடும். தலை இடது ஓரத்துக்குப் போய் நிற்கிற அந்த ஒரு கணம் மட்டும், கர்ர். திரும்பினால் போய்விடும். பிரித்தார், கழுவினார், புதுக் கிரீஸ் வைத்தார், மறுபடியும் பிரித்தார். அது அவரை ஆட்டிப்படைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் எழுந்து போய் அதன் முதுகில் காதை வைப்பார். ஆன்ட்டி ஈஸ்டர் பாடல்களைக் கோயிலுக்குப் போய்த்தான் பயிற்சி செய்தார். "அந்த ஃபேன் ஆகுறவரைக்கும் வீட்ல மூச்சு விடக்கூட யோசனையா இருக்கு" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை. "நெஞ்சு வலிச்சா அங்கிள் என்ன வேலைல இருந்தாலும் அழுத்திருங்க ஆன்ட்டி" என்றேன். "அழுத்தாம?" என்றார்.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கு அன்று விடுமுறை. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் இருந்து "வந்து உக்காரு, ஆயிடுச்சு" என்று அவர் கூப்பிடுவது கேட்டது. அப்பாடா, கறுப்பு ஃபேன் ஒருவழியாக வழிக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. ஸ்க்ரூடிரைவர் கையில் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் வாம்மா. அவ எந்திரிக்க மாட்டேங்குறா."

சமையலறையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஆன்ட்டி. கால் நீட்டி, தலை ஒரு பக்கம் சரிந்து. பாதி அரிந்த வெங்காயம் மேலே பலகையில். நான் மாத்திரையைத் தேடி நாக்கின் அடியில் வைத்தேன், வண்டிக்குச் சொன்னேன், நெஞ்சை அழுத்தினேன். எல்லாம் எதற்கோ செய்தேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது. கையைப் பிடித்து நாடி பார்க்கப்போனபோதுதான் கவனித்தேன். வளையல்கள் முழங்கைப் பக்கம் ஏறி இறுகியிருந்தன.

அதைப் பார்த்த கணத்தில் எனக்கு அவர் மேல் வந்த வெறுப்பை எப்படிச் சொல்வது? சாகிற நேரத்தில்கூட இந்த மனுஷனின் காதுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று வளையலை ஏற்றிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நானே அவற்றைக் கீழே இறக்கிவிட்டேன். இறக்கும்போது அவை கிணுங்கின.

மகள் வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு, நான் நினைத்ததையேதான் அவளும் சொன்னாள். "அம்மா கூப்ட்டிருக்க மாட்டாங்கக்கா. அப்பா ஃபேன் முன்னாடி இருந்தா கூப்டவே மாட்டாங்க." அங்கிள் அவள் பக்கத்தில்தான் நின்றார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயிலில் பாடகர் குழு பாடியது, முன்வரிசையில் ஓர் இடம் விட்டு. ஆன்ட்டி கஷ்டப்படாமல் போய்விட்டார், அந்த மட்டும் புண்ணியம் என்றார்கள் வந்தவர்கள் எல்லோரும். அங்கிள் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு மீன்காரம்மா எங்கள் வாசலைத் தாண்டும்வரை கூவாமல் போனார். துக்க வீட்டுக்கு அவர் காட்டிய மரியாதை. அங்கிள் என்னிடம் வந்து, "அந்தம்மாவைக் கூவச் சொல்லும்மா" என்றார். சொன்னேன். மறுநாளில் இருந்து அவர் வாசலில் நின்று கூவினார், அங்கிள் மாடியில் நின்று கேட்டார். சத்தத்தை வெறுத்த மனுஷனா இது என்று எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. இறங்கிய கோபத்தோடுதான் ஒரு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுக்க அவர் வீட்டுக்குள் போனேன்.

கறுப்பு ஃபேன் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது ஓரத்தில் நின்றபோது, கர்ர்.

"இன்னும் சரியாகலையா அங்கிள்? அன்னிக்கு ஆயிடுச்சுன்னு கூப்ட்டீங்களே."

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவர் அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி பேசினார்.

"இது ஓரத்துல மட்டும்தான் வரும்மா. அன்னிக்கு நிக்காம வந்துச்சு. நடுவுல வருது, வலப்பக்கம் வருது, விடாம வருது. நான் சந்தோஷப்பட்டேன். இவ்ளோ நாள் ஒளிஞ்சுக்கிட்டிருந்தது வெளிய வந்திருச்சு, இனிமே பிடிச்சிரலாம்னு. ஓடும்போதே கம்பியோட திருகைக் கொஞ்சமா இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். நின்னுபோச்சு."

ஃபேன் திரும்பி என் முகத்தில் காற்றடித்துவிட்டுப் போனது.

"நான்தான் நிறுத்தினேன்னு நெனச்சேன்மா. ஓரத்துக்குப் போய் நிக்கிறவரைக்கும்கூடப் பொறுக்காம அவளைக் கூப்ட்டேன், வந்து உக்காருன்னு."

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் அந்த மணி இருந்தது, கிண்ணம் இல்லாமல், பச்சைத் துணியோடு. குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். இத்தனை நாள் அவரை எதற்காக வெறுத்தேனோ அது நடக்கவே இல்லை. ஆன்ட்டி கூப்பிட்டிருக்கிறார். வளையலை ஏற்றிக்கொண்டு, பொத்தானை விடாமல் அழுத்தியிருக்கிறார்.

"அது ஃபேன் சத்தமாவே இருந்திருக்கலாம் அங்கிள்" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"இருக்கலாம். அதான் எனக்குத் தெரியணும். தனியா இருந்துக்கிட்டு என்னால பாக்க முடியல. அங்க அழுத்தணும், இங்க கேக்கணும். நீ போய் அழுத்துறியா?"

"வேண்டாம் அங்கிள்."

"பொண்ணுகிட்ட கேக்க முடியாதும்மா. உன்கிட்டதான் கேக்க முடியும்."

போனேன். சமையலறையில் அந்த அலமாரி, அந்தப் பலகை. பொத்தான் தாழ்வாக இருந்ததால் தரையில் உட்கார வேண்டியிருந்தது. ஆன்ட்டி உட்கார்ந்திருந்த அதே இடம்தான், வேறு இடத்தில் உட்கார்ந்தால் எட்டாது. அங்கே முன்னறையில் அங்கிள் ஸ்க்ரூடிரைவரை எடுத்திருப்பார், பிடியைக் காதோரம் ஊன்றியிருப்பார், மறுகாதை அடைத்துக் கண்ணை மூடியிருப்பார். என்னையறியாமல் என் கை வளையலைத் தொட்டது. சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

அழுத்தினேன்.

என் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனது. விரல் நுனி வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அழுத்துறியாம்மா?"

"அழுத்துறேன் அங்கிள்."

பிறகு, எனக்குக் கேட்டால் போதும் என்று சொன்ன அதே குரல், உள்ளே எங்கேயோ தேய்ந்துபோய் வந்தது.

"இப்ப விடு."

விட்டால் அங்கே சத்தம் நிற்கும். அன்று அது எப்படி நின்றது என்று அவருக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

"விடும்மா" என்றார் மறுபடியும்.

நான் விரலை எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.